செத்த பீருக்கு ஒரு சிலிண்டர்

செத்த பொருள் என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்பது புத்துயிரின் கட்சி. மை காய்ந்த பேனாவை வெந்நீரில் முக்கி எழுத வைப்பார். தீர்ந்துபோன பேட்டரியைப் பல்லால் கடித்து, வெயிலில் காயவைத்து, கடிகாரத்தில் போட்டு இன்னும் ஒரு வாரம் ஓட்டுவார். அந்த வாரம் முழுக்கக் கடிகாரம் தன் இஷ்டத்துக்கு நேரம் காட்டும், வீடே அதை நம்பி பஸ்ஸைத் தவறவிடும். நமுத்த பிஸ்கட்டை வாணலியில் வாட்டுவார். அறுந்த செருப்புக்கு இன்னொரு அறுந்த செருப்பிலிருந்து வாரை எடுத்து மாட்டுவார். அந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் நிம்மதியான சாவு கிடையாது. 'புத்துயிர்' என்று பெயர் வைத்தது அவரோடு வேலை பார்க்கும் பெயின்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கிறது. கூப்பிட ஆளில்லாமல் அது நமுத்துப் போய்விட்டது.

பிழைப்பும் அதற்குத் தோதாகவே வாய்த்தது. தீயணைக்கும் சிலிண்டர்களைப் பழுது பார்த்து, மறுபடி நிரப்பிக் கொடுக்கிற பட்டறையில் வேலை. ஆபீஸ் சுவர்களிலும் ஓட்டல் மாடிப்படிகளிலும் யாரும் ஏறெடுத்துப் பார்க்காமல் தொங்கிக் கிடந்த சிவப்பு சிலிண்டர்கள் தூசியும் சிலந்திக்கூடுமாக அவரிடம் வந்து சேரும். உள்ளே இருக்கிற பழைய பொடியைக் கொட்டி, துருவைச் சுரண்டி, புதுப் பொடி போட்டு, கேஸ் ஏற்றி, மேலே இருக்கிற சின்ன மீட்டரில் முள் பச்சையில் வந்து நிற்கிற வரைக்கும் விடமாட்டார். முள் பச்சையில் நின்றால் உயிர் உண்டு, சிவப்பில் சாய்ந்தால் இல்லை. மனுஷனுக்கும் நெஞ்சில் இப்படி ஒரு முள் இருந்தால் குடும்பம் நடத்துவது சுலபம் என்று டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வார். அப்படி ஒன்று இருந்தாலும் தன் வீட்டு முள்ளை அவர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

அந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சிலிண்டருக்குள் இருக்கிற பொடி நின்ற இடத்திலேயே நின்றால் அடியில் இறுகிக் கட்டியாகிவிடும். அதனால் வாங்க வந்தவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே பொடி சரிகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, பிறகு நிமிர்த்திக் கொடுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க இதையே செய்து செய்து, கை அவரைக் கேட்காமல் செய்யப் பழகிவிட்டது. ஷாம்பு பாட்டில், மாவு டப்பா, மருந்துப் புட்டி, எதை யாருக்குக் கொடுத்தாலும் ஒரு கவிழ்ப்பு, இரண்டு தட்டு. பக்கத்து வீட்டுக்காரி தன் கைக்குழந்தையை ஒரு தடவை அவரிடம் கொடுத்தாள். அடுத்த தடவை கொடுக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மாப்பிள்ளை பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கிறவன். ஒவ்வொரு தடவை மாவு வெந்து வெளியே வரும்போதும் ஒரு துண்டைக் கடித்து, 'போகலாம்' என்றோ 'கொட்டிடு' என்றோ அவன் சொல்ல வேண்டும். அவன் நாக்கு சரியென்று சொன்னால்தான் லாரி கிளம்பும். கொட்டச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற ஒருவனும், எதையும் கொட்டவிடாத ஒருவரும் ஒரே குடும்பத்தில் வந்து சேர்ந்ததே விபத்து. இருந்தாலும் ஆரம்பத்தில் இருவருக்கும் நன்றாகத்தான் ஒத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து சீட்டு ஆடுவார்கள். மாமனார் தொடைக்கடியில் சீட்டை ஒளிப்பார். மாப்பிள்ளை கண்டும் காணாததுபோல் இருப்பான்.

அந்த உறவு ஒரு டம்ளர் பீரில் முறிந்தது. என்றைக்கோ திறந்து, துணியைச் சுருட்டி வாயை அடைத்து, பிரிட்ஜின் மூலையில் நிறுத்தி வைத்திருந்த அரை பாட்டில் பீரைப் புத்துயிர் ஒரு நாள் மாப்பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்தார். அவன் ஒரு மடக்குக் குடித்தான். பழக்க தோஷத்தில் அவன் தொழில் முந்திக்கொண்டு பேசியது.

"மாமா, இது செத்துப்போச்சு. கொட்டிடுங்க."

அன்றைக்கென்று பார்த்து வீட்டில் நாலு உறவுக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் சிரித்துவிட்டார். புத்துயிருக்கு முகம் சிவந்துபோனது.

"நாக்கு செத்தவனுக்கு எல்லாமே செத்ததாத்தான் தெரியும்," என்றார். "இந்த நாக்கை நம்பி சம்பளம் குடுக்கிறானே, அந்தக் கம்பெனிக்காரனைச் சொல்லணும்."

மாப்பிள்ளை டம்ளரை மேஜையில் வைத்தான், செருப்பை மாட்டினான், போனான். இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், புத்துயிரும் அந்த பீரில் ஒரு மடக்குக் குடித்திருந்தார். அது செத்துப்போனது அவருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

அதற்குப் பிறகு மகள் மட்டும் எப்போதாவது வந்து போனாள். கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அவர் கண் அவள் தோளைத் தாண்டி மாடிப்படி வரைக்கும் போய், யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பி வரும். அவனைப் பார்க்க அவர் மனசு ஏங்கியது. சீட்டுக்கட்டு அலமாரியில் தூசி ஏறிக் கிடந்தது. ஆனால் இதை அவர் வாயால் சொல்ல வைப்பதற்கு எந்தப் பட்டறையிலும் கருவி கிடையாது.

இந்த நிலைமையில்தான் மகளிடமிருந்து போன் வந்தது. அம்மாவிடம்தான் பேசினாள், அம்மா அதை அப்படியே வந்து ஒப்பித்தாள். கம்பெனி மாப்பிள்ளையை வெகுதூரத்தில் திறந்திருக்கிற புது ஃபேக்டரிக்கு மாற்றிவிட்டது. கிளம்புவதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் வருகிறார்கள்.

"அவரு வர்றேன்னு சொன்னதே பெரிய விஷயமாம்," என்றாள் மனைவி. "நீங்க அன்னிக்குப் பேசினது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம். சொல்லலைன்னா இனிமே இந்த வாசல்ல அவரைக் கொண்டுவந்து நிறுத்த மாட்டாளாம். அவளும் அவ்வளவு தூரத்துலேர்ந்து தனியா வந்து போறது நடக்கிற காரியம் இல்ல. புரியுதா? பொண்ணு நமக்கு இருக்காளா இல்லையாங்கறது அந்த ஒரு வார்த்தையில இருக்கு."

"என்ன வார்த்தை?"

"'தப்பாப் பேசிட்டேன் மாப்பிள்ளை'. வாய் சுளுக்கிக்குமா?"

"அது மூணு வார்த்தை," என்றார் புத்துயிர்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். புத்துயிர் பால்கனியில் நின்று யோசித்தார். யோசனை என்றால் அப்படி ஒரு யோசனை. மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு நிமிஷம் போதும்; கேட்காமல் தப்பிப்பதற்கு ஒரு வாரம் ராப்பகலாக உழைக்க வேண்டும் என்றால், இரண்டாவதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு என்று முடிவு செய்கிற ரகம் அவர்.

யோசனைக்கு வேண்டிய சரக்கு மாடிப்படிக்கு அடியில் தயாராக இருந்தது. பட்டறைக்குப் புதுக் கொட்டகை போட்டபோது முதலாளி ஒரு பீப்பாய் பீர் வரவழைத்து எல்லோருக்கும் ஊற்றினார். மிச்சம் விழுந்ததை யாரும் தொடவில்லை. மறுநாள் அதைக் கொட்டப்போன இடத்தில் புத்துயிர் குறுக்கே விழுந்து தடுத்து, காலி சோடா பாட்டில்களில் பிடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பெரிய பிளாஸ்டிக் பாட்டில்களில், மஞ்சள் நிறத்தில், அசையாமல் நின்றது அது. பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டிய சாமான் மாதிரி இருந்தது.

"இதை நுரை பொங்க அவன் முன்னாடி வைக்கிறேன்," என்றார் மனைவியிடம். "குடிச்சுப் பாத்துட்டு, நல்லா இருக்கு மாமான்னு அவனே சொல்லுவான். செத்தது எதுவும் இந்த வீட்டுல இல்லைன்னு தெரிஞ்சிடும். அப்புறம் மன்னிப்புக்கு என்ன வேலை?"

"அன்னிக்குக் குடிச்சது வேற பீரு. இது வேற பீரு."

"பீரெல்லாம் ஒண்ணுதான்."

"நாலு புது பாட்டில் வாங்கி வெச்சா குடியா முழுகிடும்?"

"அப்ப அன்னிக்கு வெச்சது சரியில்லைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்," என்றார். இந்த இடத்தில் அவர் புத்தி எவ்வளவு கூர்மை பாருங்கள்.

முதலில் உப்பில் ஆரம்பித்தார். ஒரு சிட்டிகை போட்டதும் பீர் சுர்ரென்று பொங்கியது. வெற்றி என்று மனைவியைக் கூப்பிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் நுரை அடங்கி, உள்ளே மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச உயிரும் போய், உப்புத் தண்ணீர் நின்றது. அடுத்தது உலர்ந்த திராட்சை. அது மேலே வந்து, கீழே போய், மறுபடி மேலே வந்தது. "திராட்சை நல்லா நீச்சல் கத்துக்கிச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு மனைவி போய்விட்டாள். பிறகு சர்க்கரையும் ரொட்டி மாவு புளிக்க வைக்கிற ஈஸ்ட்டும் போட்டு, மூடியை இறுக்கி, துணி அலமாரியில் வைத்தார். நடுவில் மனைவி புடவை எடுக்கப் போனபோது பாட்டில் தொப்பை போட்டு நின்றது. திறந்தால் கலங்கலாக, புளித்த மாவு வாசனையோடு ஏதோ வந்தது. அலமாரியில் இருந்த துணியெல்லாம் ஒரு வாரத்துக்கு பேக்கரி வாசனை அடித்தது. சோடா கலந்தும் பார்த்தார். கேஸ் இருந்தது, பீர் இல்லை.

இப்படியே பாட்டில் பாட்டிலாகச் சாக்கடைக்குப் போய், கடைசியில் ஒரே ஒரு பெரிய பாட்டில் மிஞ்சியது. அப்போதுதான் அவருக்குத் தன் தொழில் ஞாபகத்துக்கு வந்தது. பீரில் இருந்து போனது என்ன? கரியமில வாயு. பட்டறையில் பொடி இல்லாத சிலிண்டர்களில் அவர் தினமும் ஏற்றுகிறது என்ன? அதே கரியமில வாயு. அடச்சே, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோமே என்று நெற்றியில் தட்டிக்கொண்டார்.

பட்டறையில் ஒரு சின்ன கேஸ் சிலிண்டரை இரவல் கேட்டபோது பெயின்டர் சிவப்புப் பெயின்ட் கையோடு திரும்பிப் பார்த்தார்.

"வீட்டுல தீயா அண்ணே?"

"மாப்பிள்ளை வர்றாரு."

"ஓ, அதைவிடப் பெரிசு," என்றார் பெயின்டர். விஷயத்தை மெல்லக் கறந்து முழுசாகக் கேட்டுக்கொண்டு, பிரஷ்ஷை டப்பாவில் ஊறப் போட்டார். "மூணு வார்த்தையை முழுங்கறதுக்கு இவ்வளவு கேஸா? எனக்கு உங்க அளவுக்கு சம்பளம் இல்ல அண்ணே, நானெல்லாம் சாரி சொல்லிட்டுப் போயிடுவேன்."

சைக்கிள் டியூபின் வால்வை வெட்டி எடுத்து, பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து இறுக்கினார். சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைக்கிற வால்விலிருந்து ஒரு குழாயை அதில் மாட்டினார். சும்மா சொல்லக்கூடாது, வேலை என்று வந்துவிட்டால் அவர் கை தங்கம். சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது எதிரில் வந்த மனைவி வழிவிட்டு ஒதுங்கினாள்.

"தீயை அணைக்கிற கேஸை வயித்துக்குள்ள விடப் போறீங்களா?"

"வயித்தெரிச்சலும் தீதானே," என்றார். அன்றைக்கு முழுக்க அந்தப் பதிலை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

முதல் தடவை கேஸ் ஏறவில்லை. மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று போய்விட்டது. குளிர்ந்த திரவம்தான் கேஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது பிறகு உறைத்தது. பாட்டிலைப் பனிக்கட்டி வாளியில் அமுக்கி, நன்றாகக் குளிர வைத்து, உள்ளே இருந்த காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, மறுபடி கேஸ் விட்டு, குலுக்கி, இன்னும் கொஞ்சம் விட்டார். பாட்டில் கல் மாதிரி இறுகியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாய் ஊற்றிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று நுரை எழுந்து, டம்ளர் விளிம்பில் அப்படியே நின்றது. நாக்கில் சுருசுருவென்று குத்தியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த டம்ளருக்கு எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மிச்சத்துக்கு மறுபடி கேஸ் ஏற்றி, சோடாக் கம்பெனி முத்திரை தெரியாமல் இருக்க, பெரிய ஓட்டல் சிப்பந்தி மாதிரி வெள்ளைத் துண்டைச் சுற்றி, பிரிட்ஜில் வைத்தார்.

மத்தியானம் அவர்கள் வந்தார்கள். மகளின் தோளைத் தாண்டிப் போன கண்ணுக்கு இந்தத் தடவை ஆள் கிடைத்தது. மாப்பிள்ளை கொஞ்சம் இளைத்திருந்தான். "வாங்க," என்றார் புத்துயிர். "ம்," என்றான் அவன். சோபாவில் மகள், மாப்பிள்ளை, மனைவி என்று வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிரில் அவர் மட்டும். விசாரணைக் கமிஷன் மாதிரி இருந்தது. புது ஊரைப் பற்றி இரண்டு பேச்சு, வெயிலைப் பற்றி இரண்டு பேச்சு. அதற்குமேல் வண்டி நகரவில்லை. மகள் அப்பாவைப் பார்த்தாள். மனைவி கண்ணால் ஜாடை காட்டினாள். இதுதான் அந்த இடம்; மூன்று வார்த்தையைச் சொல்லிவிட்டால் முடிந்தது.

"ஒரு நிமிஷம்," என்று எழுந்து உள்ளே போனார்.

துண்டு சுற்றிய பாட்டிலோடு அவர் திரும்பி வந்த நடையைப் பார்க்க வேண்டும். டம்ளரை மாப்பிள்ளை முன்னால் வைத்தார். "இன்னிக்கு நீங்களே ருசி பாத்துச் சொல்லுங்க மாப்பிள்ளை," என்றார். முகத்தில் பெருமை வழிந்தது. பாட்டிலைக் கொடுக்கிற நேரம் வந்தது. ஒரு பொருளை ஒருவர் கையில் கொடுக்கிற நேரம்.

கை தன் வேலையைச் செய்தது. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தது. அடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டியது. அவர் காது கொடுத்துக்கூடக் கேட்டார், பொடி சரிகிறதா என்று. பிறகு நிமிர்த்தி, மூடியைத் திருகினார்.

"அப்பா, வேண்டாம்," என்று மகள் சொல்லி முடிப்பதற்குள் மூடி போய் மின்விசிறியில் அடித்தது. நுரை பீறிட்டது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சீறுகிற ஒன்று கையில் கிடைத்ததும் கைக்கு அடுத்த பழக்கமும் ஞாபகம் வந்துவிட்டது. சிலிண்டர் சீறினால் அதன் வாயைத் தீயின் அடிப்பக்கம் பார்த்துத் தாழ்த்திப் பிடித்து, இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். ஆட்டினார். மகள், மாப்பிள்ளை, மனைவி, திரும்ப மாப்பிள்ளை, மகள். சோபாவில் தீ இருந்திருந்தால் அன்றைக்கு நிச்சயம் அணைந்திருக்கும்.

சத்தம் ஓய்ந்தபோது விசிறியிலிருந்து பீர் சொட்டிக்கொண்டிருந்தது. மகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போலாமா?" என்று புருஷனிடம் கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும்தான், இனி அவள் வரமாட்டாள் என்பது புத்துயிருக்கு உறைத்தது.

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. புருவத்தில் இருந்த நுரையை விரலால் வழித்துவிட்டு, டம்ளரை எடுத்து நீட்டினான். "ஊத்துங்க மாமா."

பாட்டிலின் அடியில் கொஞ்சம் இருந்தது. ஊற்றினார். ஒரு பொட்டு நுரைகூட எழவில்லை. மாப்பிள்ளை ஒரு மடக்குக் குடித்து, வேலையில் செய்வதுபோலவே வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, விழுங்கினான். தொடைக்கடியில் சீட்டு ஒளிப்பதைக் கண்டும் காணாததுபோல் இருப்பானே, அதே முகம்.

"நல்லா இருக்கு மாமா," என்றான்.

எந்த வார்த்தைக்காக வாரம் முழுக்க உழைத்தாரோ, அந்த வார்த்தை வந்துவிட்டது. புத்துயிர் டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தைக் குடித்துப் பார்த்தார். செத்த பீர். கூடவே ரப்பர் குழாய் வாசனை. நாக்கை வைத்துச் சோறு தின்கிற மனுஷன், அந்த நாக்காலேயே தனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறான். அவருக்கு அவமானம் தாங்கவில்லை. பீர் அபிஷேகம் பண்ணினதுகூட அவ்வளவு உறைக்கவில்லை, இது உறைத்தது.

"இல்ல மாப்பிள்ளை," என்றார். "இது செத்துப்போச்சு."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் விடவில்லை.

"அன்னிக்கும் செத்துதான் போயிருந்துச்சு. எனக்கும் தெரியும். உங்க நாக்குல ஒரு குறையும் இல்ல. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

சொல்லி முடித்ததும், வாய் சுளுக்கிக்கொள்ளவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. முகம் முழுக்க ஏற்கெனவே ஈரம்.

"இதைச் சொல்றதுக்கு ஒரு சிலிண்டர் வேண்டியிருந்துச்சு," என்று சொல்லிவிட்டு மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் தட்டும், தட்டில் குளிர்ந்த புது பீர் பாட்டில்களும் இருந்தன. பிரிட்ஜில் காய்கறிக் கூடைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததால் ஒன்றின்மேல் கொத்தமல்லித் தழை ஒட்டியிருந்தது.

"இது எப்ப வாங்கின?"

"நீங்க சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறினீங்களே, அப்பவே."

புத்துயிர் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார், மாப்பிள்ளைக்குக் கொடுப்பதற்காக. கை அதை மெல்லக் கவிழ்க்க ஆரம்பித்தது.

"மாமா," என்று மாப்பிள்ளை பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "நான் தொறக்கிறேன்."

புத்துயிர் பாட்டிலைக் கொடுத்துவிட்டார். கையை மட்டும் கொஞ்ச நேரம் அவன் பிடியிலேயே விட்டு வைத்திருந்தார்.